பச்சை ஆளுக்கு ஒரு பொட்டு

போன வருடம் ஆயுதபூஜைக்குக் கொஞ்சம் முன்னால் ஆரம்பித்து, ஐப்பசி மழையில் முடிந்த கதை இது. நடந்த இடம் கடலூர். மஞ்சக்குப்பத்திலிருந்து சற்றுத் தள்ளி, ஒரு காலத்தில் கல்யாண மண்டபமாக இருந்து இப்போது தையல் கம்பெனியாகிவிட்ட ஒரு கட்டடம். மாப்பிள்ளையும் பெண்ணும் உட்கார்ந்த மேடையில் இன்று முதலாளியின் மேஜை இருக்கிறது. ஜனங்கள் உட்கார்ந்து அட்சதை போட்ட ஹாலில் வரிசையாகத் தையல் மிஷின்கள். பந்தி மேஜைகளில் துணி வெட்டுகிறோம். மதியத்தில் யாராவது வத்தக்குழம்பு டப்பாவைத் திறந்தால், கட்டடத்துக்கே பழைய ஞாபகம் வந்துவிடும்.

அங்கே நான் சேஃப்டி ஆபீசர். பெயரைக் கேட்டுப் பயந்துவிடாதீர்கள். ஸ்டோர் சாவியும் என்னிடம்தான், கரண்ட் போனால் ஜெனரேட்டருக்கு ஆள் தேடுவதும் நான்தான். டிப்ளமோ முடித்து, தொழிற்சாலைப் பாதுகாப்பில் தனியாக ஒரு கோர்ஸும் படித்திருந்தேன். புவனகிரி பக்கத்தில் இருக்கும் எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான்தான். சின்ன வயதில் சிதம்பரம் பஸ் ஸ்டாண்டுக்குப் போனால், அம்மா என்னை முன்னால் தள்ளிவிட்டு, "இது எங்கடா போவுது, படி" என்பார். போர்டு படித்துச் சொல்வதுதான் நான் பார்த்த முதல் உத்தியோகம் என்றே சொல்லலாம். பிறகு அதுவே பிழைப்பாகும் என்று அப்போது தெரியாது.

சென்னையில் ஒரு பெரிய கம்பெனி, பள்ளிக்கூடச் சீருடை தைக்கும் ஆர்டரை எங்களுக்குக் கொடுப்பதாக இருந்தது. ஆனால் கொடுப்பதற்கு முன் அவர்கள் ஆள் அனுப்பிக் கட்டடத்தைப் பார்ப்பார்கள். தீப்பிடித்தால் வேலை செய்கிறவர்கள் பத்திரமாக வெளியே போக வழி இருக்கிறதா என்பதுதான் முதல் கேள்வி. முதலாளி என்னை மேடைக்குக் கூப்பிட்டுச் சொன்னார்:

"தம்பி, இந்த ஆர்டர் வரலன்னா பொங்கலுக்கு அப்பறம் பாதி மிஷினுக்கு உறையப் போட்டு மூடிட வேண்டியதுதான். பாத்துக்க."

பாதி மிஷின் என்றால் பாதிப் பெண்கள். அவர்களுக்கு முன்னால் வீட்டுக்குப் போகிறவன், கடைசியாக வேலைக்குச் சேர்ந்த நான்.  

ஹாலுக்கு இரண்டு வாசல். ஒன்று ரோட்டைப் பார்த்த பெரிய முன்வாசல். இன்னொன்று மேடைக்கு இடதுபுறம், சமையல்கட்டு முற்றத்துக்குப் போகிற பக்கவாசல். அதற்குப் பூட்டுப் போட்டு, துணிக்கட்டுகளையும் அடுக்கி வைத்திருந்தார்கள். கட்டுகளை நகர்த்தி, பூட்டை எடுத்துவிட்டு, உள்ளேயிருந்து தள்ளினாலே திறக்கிற மாதிரி தாழ்ப்பாள் போட வைத்தேன். அதுவரைக்கும் முதலாளி முகம் கோணவில்லை. "இனிமே ரெண்டு வாசல்லயும் வெளியேறும் வழின்னு போர்டு வேணும் சார்" என்றபோதுதான் அவர் சிரித்தார்.

"அதான் இருக்கேப்பா!" என்று முன்வாசலுக்கு மேலே கையைக் காட்டினார்.

மண்டபக் காலத்து விளக்குப் பெட்டி அது. உள்ளே ட்யூப்லைட். கண்ணாடியில் கும்பிட்ட இரண்டு கைகள். கீழே 'நன்றி! மீண்டும் வருக!' தீப்பிடித்து ஓடுகிறவர்களை மீண்டும் வரச் சொல்வது நியாயமா என்று கேட்க நினைத்தேன். ஆறு மாதம் முடிந்தால்தான் வேலை நிரந்தரம் என்பது ஞாபகம் வந்தது. கேட்கவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை குக்கருக்கு கேஸ்கட் வாங்க அம்மா சிதம்பரம் வந்தார். அவரையும் அழைத்துக்கொண்டு மேலவீதியில் ஓர் எலெக்ட்ரிக்கல் கடைக்குப் போனேன். கடைக்காரர் மூன்று போர்டுகளை எடுத்துப் போட்டார். ஒன்றில் சிவப்பில் ஆங்கில எழுத்து மட்டும். "இதான் எடுப்பா இருக்கும் தம்பி, தியேட்டருக்கெல்லாம் இதான் போவுது" என்றார். பார்க்க எடுப்புதான். ஆனால் சிவப்பு என்றால் நில், ஆபத்து என்று பழகிய கண்ணுக்கு, இப்படிப் போ என்று சொல்ல வேண்டியது பச்சை. இன்னொன்று இருட்டில் மினுக்கும் ஸ்டிக்கர். விலை குறைவு. ஆனால் பகலெல்லாம் வெளிச்சம் குடித்தால்தான் அது இரவில் மினுக்கும். பக்கவாசல் பக்கம் வெளிச்சமே கிடையாது. மூன்றாவது, பச்சைப் பின்னணியில் வெள்ளையாக ஓர் ஆள் கதவைத் தாண்டி ஓடுகிற படம், பக்கத்தில் அம்புக்குறி, கீழே தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுத்து. உள்ளே பேட்டரி. கரண்ட் போனாலும் எரியும். நான் படித்த விதிகளுக்குப் பொருந்துவது அதுதான். விலைதான் கொஞ்சம் ஜாஸ்தி.

ஒரு சந்தேகம் மட்டும் இருந்தது. எங்கள் கம்பெனியில் எழுத்துக் கூட்டிப் படிக்கத் திணறுகிறவர்களும் உண்டு. அவர்களுக்கு இந்தப் படம் புரியுமா? எழுத்தைக் கையால் மறைத்துக்கொண்டு அம்மாவிடம் காட்டினேன்.

"இது என்னான்னு சொல்லும்மா."

அம்மா ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. "எவனோ கதவத் தொறந்துக்குனு வெளிய ஓடறான். பாவம், பஸ்ஸ விட்டுட்டானா?"

கடைக்காரர் சிரித்துவிட்டார். நான் அந்தப் போர்டில் ஒன்றை மாதிரிக்கு வாங்கிக்கொண்டேன்.

திங்கட்கிழமை அதை முதலாளியின் மேஜையில் வைத்தேன். படத்தைப் பார்த்ததும் அவர் முகம் மாறிவிட்டது.

"என்ன தம்பி இது? ஓடறானே!"

"ஆமா சார், வெளிய போற வழி."

"அதத்தான் கேக்கறேன். கம்பெனியவிட்டு ஒருத்தன் ஓடற படத்த வாசல்ல மாட்டச் சொல்றியா? ஏற்கனவே பாதிப் பொண்ணுங்க திருப்பூருக்குப் போறேன் திருப்பூருக்குப் போறேன்னு நிக்குதுங்க. வாசல்ல நெதமும் ஓடறவன் நின்னா லட்சுமி தங்குவாளா? அவளும் அவன் பின்னாடியே போயிடுவா."

உலகம் பூராவும் இந்தப் படம்தான் சார் என்றேன். விமான நிலையத்திலும் இதுதான் என்றேன். "அங்க இருக்கட்டும், அங்க எல்லாரும் வெளிய போகத்தான் வர்றாங்க" என்றார். ஓடாமல் கை கூப்பி நிற்கிற மாதிரி ஒரு படம் கிடைக்காதா என்று கேட்டார். உள்நோக்கி ஓடுகிற மாதிரி திருப்பி மாட்டலாமா என்றும் கேட்டார். அவர் கெட்ட மனிதர் இல்லை. மழைக்காலத்தில் யாராவது ஒருத்தர் நனைந்து வந்தாலும் தன் காரில் வீட்டுக்கு அனுப்புகிறவர். ஆனால் கடன் வாங்கித் தொழில் நடத்துகிறவருக்கு ஒவ்வொரு சகுனமும் பயம். அது எனக்குப் புரிந்தது. புரிந்து என்ன செய்ய? போர்டு ஸ்டோர் அலமாரிக்குப் போயிற்று.

எங்கள் லைன் சூப்பர்வைசர் ஓர் அக்கா. திருமணமாகி ஸ்ரீமுஷ்ணத்திலிருந்து கடலூருக்கு வந்தவர். ஹாலில் அவர் குரல் கேட்டால் மிஷின் சத்தம் அடங்கும். ஆயுதபூஜைக்கு முதல் நாள் மிஷின்களைத் துடைத்துக்கொண்டிருந்தபோது, நான் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு நிற்பதைப் பார்த்துவிட்டார்.

"ஆபீசர் தம்பி, அந்த ஓடுகாலிய எங்க வச்சிருக்க?"

"ஸ்டோர்லக்கா. எதுக்கு?"

"கேள்வி கேக்காத, எடுத்தா."

மறுநாள் காலை பூஜை. முதலாளி பட்டு வேட்டியில், தேங்காயோடு வந்தார். மேடையில் கத்தரிக்கோல், அளவு நாடா, இஸ்திரிப் பெட்டி எல்லாம் வரிசையாகச் சந்தனமும் குங்குமமும் வைத்து அடுக்கியிருந்தன. நடுவில், தலையில் சாமந்திப்பூவோடு, நெற்றியில் குங்குமப் பொட்டோடு எங்கள் பச்சை ஆள். ஆள் வெள்ளைதான்; போர்டின் நிறத்தால் வந்த பெயர் அது. பொட்டு வைத்ததில் அவன் முகத்துக்கு ஒரு களை வந்திருந்தது. ஓடிக்கொண்டே கல்யாணத்துக்கு வந்துவிட்ட மாப்பிள்ளை மாதிரி இருந்தான்.

"இத யாரு இங்க வச்சது?" என்றார் முதலாளி.

அக்கா அசரவில்லை. "நாந்தான் மொதலாளி. மிஷின் நமக்குச் சோறு போடுது, பொட்டு வச்சோம். இவரு நம்ம உசுருக்குக் காவல். இவருக்கு வக்கலன்னா எப்படி? எல்லையில நிக்கற சாமி குதிரையில ஓடலையா? அதப் பாத்து ஊர்ல யாராச்சும் ஓடிட்டாங்களா?"

பெண்கள் எல்லோரும் சிரிப்பை அடக்கிக்கொண்டு நின்றார்கள். முதலாளி போர்டைப் பார்த்தார், அக்காவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பொட்டு வைத்துப் பூப்போட்டதைத் தூக்கி அலமாரியில் போடும் தைரியம் அவருக்கு இல்லை. கற்பூரத் தட்டை அந்த ஆளுக்கும் சேர்த்து ஒரு சுற்றுச் சுற்றினார்.

"சரி, மாட்டித் தொலைங்க. ஆனா என் 'மீண்டும் வருக'வ எடுக்கக் கூடாது."

அப்படியே ஒப்பந்தமாயிற்று. இன்னொரு போர்டும் வாங்கி, இரண்டு வாசலிலும் மாட்டினோம்; பொட்டு வைத்தவன் பக்கவாசலுக்கு. எந்த மிஷினில் உட்கார்ந்து நிமிர்ந்தாலும் ஒன்றாவது கண்ணில் படுகிறதா என்று ஒவ்வோர் இடமாக உட்கார்ந்து பார்த்தேன். ஜெயித்துவிட்டேன் என்றுதான் நினைத்தேன்.

மறுவாரம் ஒத்திகை வைத்தோம். முன்வாசலில் தீ என்று வைத்துக்கொள்ளுங்கள், மணி அடித்ததும் பக்கவாசல் வழியாகப் போங்கள் என்று தெளிவாகச் சொன்னேன். எல்லோரும் தலையாட்டினார்கள். மணி அடித்தேன். ஒருவர் பாக்கியில்லாமல் அத்தனை பேரும் முன்வாசலுக்கே போனார்கள்! பச்சை ஆள் பக்கவாசலில் தனியாக ஓடிக்கொண்டிருந்தான்.

"ஏங்க்கா, அங்கதான தீ!" என்று கத்தினேன்.

"செருப்பு இங்கதான இருக்கு" என்றது ஒரு குரல். "புதுச் செருப்பு தம்பி. தீபாவளிக்கு எடுத்தது. தீக்குக் குடுக்கவா?"

"அந்தப் பச்ச ஆளுக்குச் செருப்பே இல்ல, அதான் அவன் பாட்டுக்கு ஓடறான்" என்றது இன்னொரு குரல்.

எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. துணியில் அழுக்குப் படக் கூடாதென்று எங்கள் ஹாலில் யாரும் செருப்புப் போடுவதில்லை. மண்டபத்தில் விட்ட மாதிரியே எல்லோரும் முன்வாசலில்தான் விடுவார்கள். மணிச் சத்தம் கேட்டால் கண் போர்டைத் தேடுவதற்கு முன்னால் கால் செருப்பைத் தேடிப் போய்விடுகிறது. எந்தப் பாடத்திலும் நான் இதைப் படித்ததில்லை. அன்று சாயங்காலமே செருப்பு ஸ்டாண்டைப் பக்கவாசலுக்கு வெளியே, முற்றத்துச் சுவரோரம், வழியை மறைக்காமல் போட்டுக் கூரையும் வைத்தேன். தினமும் வருவதும் போவதும் அந்த வழியாகவே ஆயிற்று. முதலாளி மட்டும் முன்வாசலை விடவில்லை.

ஐப்பசியில் ஒருநாள், மழை பிய்த்துக்கொண்டு கொட்டும்போது சென்னையிலிருந்து ஆய்வுக்கு வந்தார்கள். வந்தவர் ஓர் அம்மா. காட்டன் புடவை, கையில் பேனா, முகத்தில் ஒன்றும் தெரியாது. வருகிறவருக்கு மரியாதை செய்ய முதலாளி ஓர் ஏற்பாடு செய்திருந்தார். வெகுநாளாக எரியாமல் கிடந்த 'மீண்டும் வருக' பெட்டிக்கு மாலை போட்டு, சுவிட்சையும் போட்டுவிட்டார். என்னிடம் சொல்லவில்லை. சொன்னால் வயரைப் பார்க்க வேண்டும் என்பேனே!

அந்த அம்மா ஹாலைச் சுற்றினார். தாழ்ப்பாளைத் தள்ளிப் பார்த்தார். "ஸ்டோரை நானே பாத்துக்கறேன், நீங்க முதலுதவிப் பெட்டியை எடுத்துட்டு வாங்க" என்று என்னை அனுப்பிவிட்டு, துணி அலமாரிகளுக்குப் பின்னால் தனியாகப் போனார்.

நான் மேடைப்படி ஏறியிருப்பேன். முன்வாசலில் 'டப்' என்று ஒரு சத்தம். கூரையில் ஒழுகிய மழைத் தண்ணீர் அந்தப் பெட்டிக்குள் இறங்கியிருக்கிறது. பெட்டியில் குபீரென்று நெருப்பு, மாலையும் பற்றிக்கொண்டது. மெயின் சுவிட்ச் தானாகவே விழுந்து, கரண்ட் போய், ஹால் இருண்டுவிட்டது. வெளியேயும் மழை இருட்டு. ரப்பர் கருகும் புகை முன்வாசலை அடைத்துக்கொண்டு உள்ளே வந்தது.

இருட்டில் வெளிச்சமாக இருந்தவர்கள் இரண்டு பச்சை ஆட்கள்தான். முன்வாசல் ஆளைப் புகை மூடிக்கொண்டிருந்தது. மேடைக்குப் பக்கத்து ஆள் பளிச்சென்று எரிந்தான். "ஏய், வாங்கடி, செருப்பு இந்தப் பக்கம்!" என்று அக்காவின் குரல். அவ்வளவுதான். முட்டல் இல்லை, மோதல் இல்லை. தினமும் வீட்டுக்குப் போகிற மாதிரியே வரிசையாக வெளியேறினார்கள். முன்வாசலில் நின்றிருந்த முதலாளி, ஒரு கையை முன்னால் நீட்டி, வேட்டியை மடித்துப் பிடித்து, காலை எட்டிப்போட்டு ஹால் முழுக்க ஓடிவந்தார். போர்டில் இருக்கிற ஆளேதான்.

முற்றத்தில் மழையில் நின்று அக்கா தலைகளை எண்ணினார். "நம்ம ஆளுங்க எல்லாம் வந்தாச்சு தம்பி" என்றார். அப்போதுதான் எனக்கு உறைத்தது. நம் ஆட்கள் எல்லோரும் சரி. அந்தச் சென்னை அம்மா? அவருக்கு ஒத்திகை இல்லை. செருப்பு ஸ்டாண்ட் இந்தப் பக்கம் இருப்பதுகூட அவருக்குத் தெரியாது. அவர் வந்தது முன்வாசல் வழியாக. போகும் வழி இதுதான் என்று வந்தவுடன் நான் சொல்லியிருக்க வேண்டும். காபி வேண்டுமா என்று கேட்டேனே தவிர, அதைச் சொல்லவில்லை. உள்ளே ஓட வாசலை நோக்கித் திரும்பினேன்.

கதவு தானாகத் திறந்தது. முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு, பேனாவை விடாமல், அந்த அம்மா நிதானமாக வெளியே வந்தார்.

"மேடம், வழி..." என்றேன்.

"வழி காட்ட ஆள் இருந்தாரேப்பா" என்று தலைக்கு மேலே கையைக் காட்டினார். "அலமாரிக்கு அந்தாண்ட இருந்தே தெரிஞ்சார். நெத்தியில என்ன, பொட்டா?"

எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. சிரிக்க நேரமில்லை. முற்றத்துச் சுவரில் மாட்டியிருந்த தீயணைக்கும் உருளையைத் தூக்கிக்கொண்டு வெளிப்புறமாகவே முன்வாசலுக்கு ஓடினேன். பவுடர் அடித்ததில் நெருப்பு அடங்கியது. கும்பிட்ட கைகள் இருந்த கண்ணாடி கரிபிடித்து உடைந்துபோயிருந்தது. பின்னாலேயே வந்த முதலாளியின் தலையெல்லாம் வெள்ளைப் பவுடர். அந்தக் கரிப்பெட்டியைப் பார்த்தபடி தலையைத் தட்டிவிட்டுக்கொண்டார். அப்புறம் சொன்னார்:

"லட்சுமி ஓடிடுவான்னு பயந்தேன் தம்பி. என் லட்சுமிங்க எல்லாம் ஒரு சிராய்ப்பில்லாம வெளிய நிக்குதுங்க."

"அப்ப லட்சுமிங்களுக்கு இந்தத் தீபாவளி போனஸைக் கொஞ்சம் பாத்துப் போடுங்க மொதலாளி" என்றார் அக்கா, தலையைத் துவட்டிக்கொண்டே. முற்றமே சிரித்தது. அந்தச் சென்னை அம்மாகூட.

ஆர்டர் அன்றே கிடைத்துவிடவில்லை. முன்வாசல் வயரிங் முழுவதையும் மாற்றுங்கள், கூரை ஒழுகலை அடையுங்கள், வருகிறவர்களுக்கு வழியைச் சொல்லிவிட்டு அப்புறம் காபி கொடுங்கள் என்று அந்த அம்மா சொல்லிவிட்டுப் போனார். கடைசியாகச் சொன்னது எனக்கு. எல்லாவற்றையும் செய்தோம். மறுபடி வந்து பார்த்துவிட்டு ஒப்புதல் கொடுத்தார்கள். பொங்கலுக்கு அப்புறம் எந்த மிஷினுக்கும் உறை போடவில்லை; இப்போது ஹாலில் சீருடைக்கான நீலச் சட்டைகளாகத் தைத்துக் குவிக்கிறார்கள். என் வேலையும் நிரந்தரமாயிற்று. அம்மாவிடம் சொன்னபோது, "அந்த பஸ்ஸ விட்டவன்தான் உனக்கு வேல வாங்கிக் குடுத்தான்னு சொல்லு" என்றார்.

வெள்ளிக்கிழமைதோறும் பக்கவாசல் ஆளுக்குப் பொட்டு வைக்கிறார்கள். படம் மறையக் கூடாது என்று மிச்சக் குங்குமத்தை நான் துடைத்துவிடுகிறேன். கூடாது என்று சொல்ல மனம் வரவில்லை.

எங்கள் வீட்டில் எனக்கு முன்னால் யாரும் போகாத இடங்களுக்கு நான் இன்னும் போய்க்கொண்டிருக்கிறேன். வங்கி, பெரிய ஆஸ்பத்திரி, சென்னையில் ஏசி போட்ட பயிற்சிக் கூடம். உள்ளே நுழைந்ததும் அந்தப் பச்சை ஆள் எங்கே என்று கண் தேடும். இருந்தால் மனம் சமாதானமாகிவிடும். இப்படி ஒருவன் புதிதாக வருவான், அவனோடு துணைக்கு யாரும் இருக்க மாட்டார்கள் என்று என் முகமே தெரியாத யாரோ முன்கூட்டியே நினைத்து, எனக்காக ஒரு விளக்கை ஏற்றி வைத்துவிட்டுப் போயிருக்கிறார் என்று தோன்றும்.